குல்லா போடுகிறவன்

சிகரெட்டை விட்ட மாதம்
விரல்களுக்கு வேலை இல்லாமல் போனது.
ஸ்டியரிங்கைத் தட்டின, காதைக் குடைந்தன,
கடைசி நிறுத்தத்தின் பதினோரு நிமிட ஓய்வில்
சட்டைப் பையைத் தடவித் தடவி ஏமாந்தன.
அப்படித்தான் வாங்கினேன்
ஒரு ஜோடி மூங்கில் ஊசி, சாம்பல் நிறத்தில் ஒரு நூல்கண்டு.
கல்லாவில் இருந்த பெண் கேட்டாள், மனைவிக்கா?
ஆமாம் என்றேன்.

பலாரட்டில் சித்திரை பிறந்தால் இலை விழும்.
குளிர்பெட்டிமேல் காந்தத்தில் தொங்கும்
மளிகைக்கடை நாட்காட்டி
அக்கினி நட்சத்திரம் ஆரம்பம் என்கிறது.
நான் வாசலில் கார்க் கண்ணாடியின் உறைபனியைச்
சுரண்டிக்கொண்டிருக்கிறேன்
காலாவதியான நூலக அட்டையால்.

முதலில் பின்னியது
கழுத்துத்துண்டாகத் தொடங்கி முக்கோணமாக முடிந்தது.
எங்கே தொலைந்தன கண்ணிகள் என்று
அவிழ்த்துப் பார்த்தேன்.
அவிழ்ப்பதும் பிடித்திருந்தது.
வேறெந்த வேலையில்
தப்பைப் பிடித்து இழுத்தால்
நூல் முழுசாகத் திரும்பி வருகிறது,
கொஞ்சம் சுருண்டு, கோபமில்லாமல்?

பாட்டிலும் கண்ணி உண்டு.
பறவைக்கு வைப்பதும் கண்ணிதான்.
நான் சிக்கியது மூன்றாவதில்.

இப்போது குல்லா மட்டும்.
இரண்டாம் ஞாயிறு சந்தையில்
தேன் விற்கும் டோரீனுக்கும்
பழைய கதவுக் கைப்பிடிகள் விற்கிறவருக்கும் நடுவே
என் ஆறடி மேசை.
சாதாரணக் குல்லா முப்பத்தெட்டு டாலர்,
காதுமூடி வைத்தது நாற்பத்தைந்து.
நாய்க்கு வேண்டுமென்றால்
அளவு மட்டும் கொண்டுவரவும்.
போன முறை நாயே வந்து
அரைக் கண்டு நூலைத் தின்றுவிட்டது.

தயாபரி கணக்கெழுதுகிறாள்:
நூல், மேசை வாடகை, பெட்ரோல்,
டோரீனிடம் கூச்சப்பட்டு வாங்கிய ஏழு பாட்டில் தேன்.
கூட்டிக் கழித்து வகுத்தால்
மணிக்கு மூன்று டாலர் நாற்பது.
"ஊருக்குக் குல்லா போடுறேன்னு பாத்தா
உங்களுக்கே போட்டுக்கிட்டிருக்கீங்க" என்றாள்.
நோட்டை மூடினாள். பிறகு, எழுந்து போகும்போது,
"மெரூன் இன்னும் நாலு கண்டு வாங்குங்க,
அதுதான் ஓடுது."

போன வியாழன், காலை ஏழு பத்து.
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய பெண்ணின் தலையில்
கடுகு மஞ்சள், நீலக் கரை.
உள்கண்ணாடியை லேசாகத் திருப்பினேன்.
இடப்பக்கம் ஒன்பதாம் வரிசையில்
ஒரு கண்ணி புறம் திரும்பியிருக்க வேண்டும்,
கிளம்பும் நேரமாகிவிட்ட அவசரத்தில் போட்டது.
இருந்தது.
என் பிழை, என்னைவிட நன்றாக உடுத்தி
மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

சொல்லிவிடலாமா?
வேகத்தடையில் பூப்போல ஏற்றி இறக்கினேன்.
திருப்பத்தில் யாரும் சாயவில்லை.
ஒரு மஞ்சள் குல்லாவுக்காக
முப்பது பேருக்கு அன்று அப்படியொரு சவாரி.
அவள் போனில் யாரிடமோ சொன்னாள்:
"சூடாத்தான் இருக்கு. ஆனா நெத்தி அரிக்குது."

அரிக்கிறது.
நாலு நிறுத்தம் அதையே ஓட்டிக்கொண்டு போனேன்.

கடைசி நிறுத்தம். பதினோரு நிமிடம்.
சாப்பாட்டுப் பையிலிருந்து பாதிக் குல்லாவை எடுத்து
என் நெற்றியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.
அவள் சொன்னது சரி.
குல்லா விளிம்பில் தொடங்கி உச்சியில் முடிவது;
விளிம்பை மாற்ற வேண்டுமென்றால்
அத்தனையும் அவிழ வேண்டும்.
நெற்றிக்கு மெரினோவில் ஒரு பட்டை கொடுத்தால்
குல்லாவுக்கு நாலு டாலர் கூடும்,
மூன்று நாற்பது இரண்டரையாக இறங்கும்.
தயாபரியிடம் இதை
தேன் கலந்த தேநீரோடுதான் சொல்ல வேண்டும்.

உருவினேன்.
திறந்த கதவு வழியே ஓர் இலை ஏறியது,
டிக்கெட் இல்லாமல்.
இறக்கிவிடவில்லை.
எழுபத்திரண்டு கண்ணிகள் புதிதாக ஏற்றி
முதல் வரிசையில் நாற்பதைத் தாண்டியபோது
ரேடியோவில் கெவின்:
பன்னிரண்டாம் தடம், இரண்டு நிமிடம் தாமதம்.

இந்த வரிசை முடியட்டும் என்றேன்,
பொத்தானை அழுத்தாமல்.